அழுகை எடுக்கிற நாள்

கருமலைப்பொட்டல் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் பட்டுவிடும். கல் உடைக்கிற சத்தம், உடைத்த கல்லை அரைக்கிற கிரஷர் சத்தம், அரைத்த ஜல்லியை ஏற்றிக்கொண்டு முக்கி முனகி மேடேறுகிற டிப்பர் லாரியின் சத்தம், இத்தனைக்கும் நடுவே மனுசர் பேச்சு எங்கேயாவது ஒளிந்துகிடக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும். அங்கே வேப்பிலை வெள்ளை, எருமை வெள்ளை, மழை பெய்யாத மாதத்தில் காக்காய்கூட வெள்ளை. எல்லாம் கல்தூசி. அந்தத் தூசி தொண்டைக்குள் இறங்கி இறங்கி, படிந்து படிந்து, பெரியவர்கள் யாருக்கும் அழுகை வராமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பேச்சு வரும், இருமல் வரும், ஏச்சு நன்றாகவே வரும். அழ வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

வராவிட்டால் போகட்டுமே என்று விடவும் அந்த ஊருக்கு வழியில்லை. குவாரிக்குள் கல் சரிந்து செத்தவனுக்குத் தான் செத்தது தெரியாது. மேலேயிருந்து சொந்தம் ஒன்று வாய்விட்டு அழுதால்தான் அவனுக்கு அது உறைக்கும். உறைக்கும்வரை அவன் கல்லுக்கடியில் சுத்தியலைத் தூக்கித் தூக்கி உடைத்துக்கொண்டேயிருப்பான். சாயங்காலம் கிரஷரை நிறுத்தியதும் தட், தட் என்று தரைக்குள்ளிருந்து கேட்கும். உயிரோடு இருக்கிறவனுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. செத்தவனுக்கு அதுவும் கிடையாது என்று ஆண்கள் டீக்கடையில் சொல்வார்கள், சொல்லிவிட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு வழி இருந்தது. அங்கிருந்த அரசு தொடக்கப்பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்கு முதல்நாள் வருகிற பிள்ளைகள் அழுகிற அழுகை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் வகுப்பறையை விட்டுப் போகாது. மழை விட்ட பிறகு பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைப்போல மூலையிலும் மேசைக்கு அடியிலும் கதவிடுக்கிலும் வெதுவெதுவென்று தேங்கி நிற்கும். இரண்டாம்நாள் அழுகை அப்படி நிற்காது, அது வெறும் மூக்குச்சளி. ஆத்தாளின் கையை முதன்முதலாகப் பிய்த்துக்கொண்டு வருகிற அழுகைதான் நிற்கும். அதை அன்றைக்குச் சாயங்காலமே பெண்கள் வந்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். குவாரி ஓரத்தில் செத்தவனின் சட்டையைப் பலகையில் விரித்துவைத்து, முடிச்சை வாயருகே அவிழ்த்து விழுங்கி, அழுது தீர்ப்பார்கள். தரைக்குள் சுத்தியல் நின்றுவிடும்.

ஆகவே அந்த ஊரில் கருமாதிக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற தேதியைத்தான் பார்ப்பார்கள். வெயில் கடுமை என்று அரசாங்கம் திறப்பைத் தள்ளிப்போட்ட வருசம், செத்தவர்கள் கூடுதலாக உடைத்தார்கள். மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீசியன் முதல்நாள் சாயங்காலம் தெரியாமல் அந்த அறைக்குள் ஏணி போட்டு, ஏறின ஏணியிலேயே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதுவிட்டு, கூலி வாங்க மறந்து போனான். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, சுண்ணாம்பு அடிக்கவும் என்று எழுதிவைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, எங்களுக்கும் ஒரு முடிச்சுக் கொடுங்களேன் என்று கேட்டுப்பார்த்தார்கள். உங்க ஊருப் பிள்ளை அழுவாதா, போங்கப்பா என்று விரட்டிவிட்டார்கள். எடுப்பதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. எடுக்கிறவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும்போதே கேட்டுவிட்டால் அழுகை அங்கேயே கரைந்துபோகும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அமலி டீச்சர் மாற்றலாகி வந்தாள். வந்த வருசம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல்நாள் காலையில் தாய்மார்கள் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியதைப் பார்த்தாள். சன்னல் வழியே ஒரு கை நீண்டு ஒரு பிள்ளையின் தொடையைக் கிள்ளியதைப் பார்த்தாள். முகிலன் என்கிற பையன் அன்றைக்கு அழுத அழுகையை ஊரே மெச்சியது, ரெண்டு சாவுக்குக் காணும் என்றார்கள். அதற்கப்புறம் மணியடித்தாலே அவன் டவுசரில் ஒன்றுக்குப் போனான். தீபாவளிக்குள் பள்ளிக்கூடத்தை விட்டான். இப்போது சிவகங்கைப் பக்கம் யாருடைய ஆட்டையோ மேய்க்கிறான் என்று கேள்வி.

அதனால் அமலி இந்த வருசம் மே மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், பாயில் உட்கார்ந்து, அவர்களுடைய பொம்மைக்கும் நாய்க்குட்டிக்கும் பெயர் கேட்டுவைத்தாள். லீவிலேயே அவர்களைக் கூட்டிவந்து குழாயைத் திறந்து மூடவும், கக்கூஸ் கதவின் கொக்கியைத் தூக்கவும் பழக்கினாள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதி என்ன செய்ய என்று, உட்காரும் இடத்தில் ஒருத்திக்குக் கிளி, ஒருவனுக்குத் தவளை, ஒருத்திக்குப் பூசணிக்காய் என்று வரைந்து ஒட்டினாள். குவாரிப் பக்கத்துச் சன்னலைப் பெரிய அட்டையால் அடைத்தாள். காண்ட்ராக்டரிடம் போய், அன்றைக்கு மட்டும் வெடி வைக்காதீங்க என்று கேட்டு வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே, மத்தியானம்வரை தாய்மார்கள் பிள்ளைகளோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

சத்துணவு சமைக்கிற ஒச்சம்மா, அரிசி களைந்துகொண்டே இதையெல்லாம் பார்த்தாள்.

"ஏன் டீச்சர், கல்யாண வீட்டுக்குக்கூட இம்புட்டு ஏற்பாடு இருக்காதே. பிள்ளைக அழுகாதுன்னு நெசமாவே நம்புறீகளா?"

"அழுகக்கூடாதுன்னுதான் இவ்வளவும்."

"அது சரி. இந்த வருசம் சாவு விழுந்த வீட்டுக்கு அதையும் நீங்களே போயிச் சொல்லிருங்க."

சாவு விழுந்த வீடு ஒன்றுதான். பங்குனிக் கடைசியில், குவாரியில் கல் வெட்டுகிற கிழக்கு முகத்தில் பாறை சரிந்து சோலையனை மூடிவிட்டது. போலீஸ் வந்து எட்டிப்பார்த்தது, காண்ட்ராக்டர் அந்தப் பள்ளத்தை மண்ணடித்து மூடிவிட்டு மேற்கு முகத்தில் வேலையை ஆரம்பித்தார், சோலையன் உள்ளே வேலையை நிறுத்தவேயில்லை. அவன் பெண்டாட்டி அங்கம்மா. ஒரே மகள் கனிஷ்கா, ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிறவள், பூசணிக்காய்ப் படத்துக்காரி. அப்பா லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தது. தரைக்குள் கேட்கிற சத்தம் கிரஷர் சத்தம் என்று சொல்லியிருந்தது.

ஒச்சம்மா சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை, அங்கம்மாவே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஜல்லி சுமந்த சும்மாடு தலையிலேயே இருந்தது.

"டீச்சர், ஊருப் பிள்ளைகள நீங்க எப்பிடியும் வச்சுக்கங்க. எம்பிள்ளைய மட்டும் கொஞ்சம் அழ விட்ருங்க."

"எதுக்கு அங்கம்மா? அஞ்சு வயசுப் பிள்ளைய அழ வச்சு நீங்க அழுகணுமா?"

"எனக்கு அழுகணும்னு ஆசையில்ல டீச்சர். அவரு நிப்பாட்டணும்." அங்கம்மா தரையைக் காட்டினாள். "அவருக்கு வலது தோளு எறங்கிப்போயிருந்துச்சு. ராத்திரி நாந்தேன் எண்ணெய் போட்டு நீவி விடுவேன். இப்ப யாரு நீவுறா? கேட்டுக்கிட்டே எப்பிடிப் படுக்குறது, சொல்லுங்க."

அமலி முகிலனை நினைத்துக்கொண்டாள், கிள்ளிய கையை நினைத்துக்கொண்டாள்.

"நான் கிள்ளமாட்டேன் அங்கம்மா. யாரையும் கிள்ள விடவும் மாட்டேன். பிள்ளை தானா அழுதா அழுகட்டும்."

"தானா அழுவும். எம்பிள்ள என்னைய விட்டு இருக்கமாட்டா" என்று அங்கம்மா கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. அமலி வாசலில் மண்டிபோட்டு ஒவ்வொரு பிள்ளையையும் அதன் உயரத்துக்கு இறங்கி, உன் நாய்க்குட்டி சாப்பிட்டுச்சா, உன் பொம்மைக்குக் காய்ச்சல் விட்டுச்சா என்று கேட்டுக் கேட்டு உள்ளே அனுப்பினாள். அழலாம் என்று உதட்டைப் பிதுக்கிய பிள்ளையும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டது. கிளி கிளியைத் தேடியது, தவளை தவளையைத் தேடியது. தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்து, இந்தா அழப்போகுது, இந்தா அழப்போகுது என்று பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். அப்புறம் ரயில் விளையாட்டு. அமலி இன்ஜின், பின்னாலே பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அறையைச் சுற்றிச் சுற்றி, மேசைக்கடியில் குகை, பெஞ்சு பாலம். ஸ்டேஷன் வந்ததும் இன்ஜின் தும்ம வேண்டும், தும்மினால் ரயில் முழுக்கக் கவிழ்ந்து விழ வேண்டும். கவிழ்ந்து விழுந்த பெட்டிகள் சிரித்த சிரிப்பில் கடைசிப் பெட்டியான கனிஷ்காவுக்கு விக்கலே வந்துவிட்டது. விக்கிக்கொண்டே, "இன்னொருக்கா தும்முங்க டீச்சர்" என்றாள்.

மத்தியானம் பாயசத்துக்குப் பிறகு தாய்மார்கள் மெல்ல மெல்ல நழுவினார்கள். அங்கம்மா மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "கனி, நான் போறேன்த்தா" என்றாள். "ம்ம், போ" என்றது பிள்ளை. "நெசமாவே போறேன்." "போம்மா, ரயிலு கெளம்பப் போகுது." அங்கம்மா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அமலி அவளுடைய முதுகைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல விசிலை எடுத்து ஊதினாள்.

ஒரு பிள்ளைகூட அழவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் போனதும் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்து முன்னால் கூடினார்கள். முகத்தில் ஈயாடவில்லை. ஒச்சம்மாதான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள். மூலையில் கையை நீட்டினாள். மேசைக்கடியில் நீட்டினாள். வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"இருக்குடி. முட்ட முட்ட இருக்கு. வெதுவெதுப்பு எந்த வருசமும் இம்புட்டு இருந்ததில்ல. சத்தமில்லாம அழுதிருக்குக, பாவம்."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். சாவு ஒன்றுதான், அறை முழுக்க அங்கம்மாவுக்குத்தான், அதிர்ஷ்டக்காரி என்றுகூட ஒருத்தி சொன்னாள். எல்லாரும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்கள். அங்கம்மா உள்ளே போய், மூலை மூலையாக வழித்து வழித்து முந்தானையில் முடிந்தாள். வெளியூர்க்காரி என்பதால் அமலி கேட்டுக்கு வெளியே நின்றாள். திறந்த கதவு வழியே ஏதோ கசிந்து வந்து அவள் காதில் பட்டது. பஞ்சு வைக்காத காது அங்கே அவளுடையது ஒன்றுதான். அது அழுகை மாதிரி இல்லை. கிரஷர் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளைகளும் அழவில்லை, ஊருக்கும் கிடைத்துவிட்டது, இப்படியும் ஒரு நாள் அமையுமா என்று நினைத்தாள். சொல்லலாமா என்று வாயெடுத்தபோது கடைசி டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்கு அமலியும் போனாள். கிழக்கு முகத்து விளிம்பில் பலகை போட்டு, சோலையனின் கட்டம்போட்ட சட்டையை விரித்து, பறக்காமலிருக்க நாலு முனையிலும் கல் வைத்திருந்தார்கள். கிரஷரை நிறுத்தியிருந்தார்கள். தரைக்குள் தட், தட் என்று கேட்டது. களைத்த கை போடுகிற சத்தம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு மூச்சு இருந்தது. பிள்ளையை யாரோ ஒருத்தி தூரத்தில் இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். அங்கம்மா தலைமுடியை அவிழ்த்துப்போட்டு மண்டியிட்டாள். முடிச்சை வாயருகே கொண்டுபோய் அவிழ்த்தாள். விழுங்கினாள். வாயைத் திறந்தாள்.

சிரிப்பு வந்தது.

பிள்ளைச் சிரிப்பு. கெக்கெக்கே என்று, புரண்டு புரண்டு, விக்கலோடு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் கவிழ்ந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு அந்தத் தலைவிரி கோலத்துக்காரியின் வாயிலிருந்து கொட்டிக்கொண்டேயிருந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் வழிந்தது. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாயில் சிரிப்பு ஓடுகிறது. ஊர்ப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தூரத்திலிருந்த கனிஷ்கா மட்டும் இடுப்பிலிருந்து குதித்து, "அய், ரயிலு! அம்மா ரயிலு வெளாடுது!" என்று கைதட்டினாள்.

தரைக்குள் சுத்தியல் நின்றது.

எல்லாரும் குனிந்தார்கள். சிரிப்பு ஓயும்வரை நின்றிருந்தது. ஓய்ந்த பிறகு, மகள் சிரிக்கிறாள், வீடு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உழைத்தால் என்ன என்று சோலையன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, தட்தட்தட்தட் என்று புதுமாப்பிள்ளை வேகத்தில் சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது.

யாரும் அமலியை ஏசவில்லை. ஒச்சம்மா மட்டும், "நானும் கைய வச்சுப் பாத்துத்தானே சொன்னேன். அழுகையும் சிரிப்பும் ஒரே சூடாத்தேன் இருக்குது, எனக்கு எப்பிடித் தெரியும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். இதுவரை அந்த ஊரில் முதல்நாள் யாரும் சிரித்ததில்லை. சிரிப்பும் தங்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அங்கம்மா சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அமலியிடம் வந்தாள்.

"கதவு தெறந்தப்ப நீங்க வெளிய நின்னீகள்ல டீச்சர். பஞ்சும் வைக்கல. கேட்டிருக்குமே."

அமலி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"சரி விடுங்க. அடுத்த வருசம்வரைக்கும் அவரு உடைக்கட்டும்." கொஞ்சதூரம் போய்த் திரும்பிவந்தாள். "பிள்ளைக்கிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல வரல. தொண்ட திரும்பவும் அடச்சிருச்சு."

திங்கட்கிழமை பிள்ளைகள் ஓடிவந்தன. அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்தது அதுதான் முதல் தடவை, அமலி மே மாதமெல்லாம் கனவு கண்டது அதைத்தான். அவள் ரயிலைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கிழக்கு முகத்துப் பக்கம் நடந்தாள். முதல்நாளுக்கு எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள், இதற்கு ஒரு வாக்கியம்கூட யோசித்து வைக்கவில்லை. விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். கிரஷர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, தரைக்குள் தட், தட் என்று கேட்டது.

"கனி, அப்பா கேரளாவுக்குப் போகலம்மா. பாறை விழுந்து, அப்பா செத்துப்போயிட்டாரு."

பிள்ளை யோசித்தது. "எங்க கோழி செத்துச்சே, அப்பிடியா?"

"ஆமா. அப்பிடித்தான்."

"அப்ப இது யாரு டீச்சர் தட்டுறது?"

கிரஷர் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். அமலியின் வாய்வரை வந்தது. "அப்பாதான்" என்றாள். "செத்துப்போனது அவருக்குத் தெரியாது. யாரும் இன்னும் சொல்லல."

"சொல்லலாம்ல?"

"அழுது சொல்லணுமாம்."

கனிஷ்காவுக்கு அழுகை வரவில்லை. அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள். பாறை வெடிப்பு ஒன்றில் இரண்டு கையையும் குவித்து வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"எப்பா! நீ செத்துப்போயிட்டியாம்! டீச்சர் சொன்னாங்க! போதும், வேலய விட்டுரு!"

தட், தட் என்று இரண்டு அடி கேட்டது. மூன்றாவதற்குத் தூக்கிய சுத்தியல் இறங்கவில்லை. மேற்கு முகத்தில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த அங்கம்மா இருந்த இடத்திலேயே கூடையை இறக்கிவைத்தாள். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் காலுக்கடியில் இருந்த ஒன்று இல்லாமல் போனதால் ஊருக்குள் நாய்கள் எழுந்து நின்று தரையை முகர்ந்தன.

கனிஷ்கா எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். அமலியின் மடியில் வசதியாக உட்கார்ந்து, பள்ளத்தை மூடியிருந்த மண்ணையே பார்த்தாள்.

"கேட்டுருச்சு டீச்சர். இப்ப மேல வந்துருவாரு."

அமலி அவளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண் அசையவில்லை. பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சநேரம் கழித்து, "மண்வெட்டி இல்லாம எப்பிடி வருவாரு" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள், இன்னும் கொஞ்சநேரம் கழித்து அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.